"பிளாஸ்மாவுக்கு இனி பார்ட்ஸ் வராது சார்!" - அம்பத்தூர் வீட்டுக்கு 55 இன்ச் டிவி வந்த கதை

"சார், இது பிளாஸ்மா. போர்டு போயிடுச்சு. இதுக்கெல்லாம் இனி பார்ட்ஸ் வராது."

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் சின்னதாகக் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் இப்படிச் சொன்னபோது, அப்பா முகத்தைப் பார்க்கவேண்டுமே! நெருங்கிய சொந்தத்தில் யாருக்கோ உடம்பு முடியவில்லை என்று டாக்டர் சொன்னதுபோல நின்றார். "ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்காதா?" என்று ஒரு கடைசிக் கேள்வி. "கிடைக்கும் சார். பழசுல இருந்து கழட்டினது கிடைக்கும். போட்டுத் தரேன். ஆனா ஆறு மாசம் ஓடுமா, ஆறு நாள் ஓடுமான்னு என்னைக் கேக்கக் கூடாது."

2025 ஆகஸ்ட் மாதத்தின் நடுவில் நடந்தது இது. 42 இன்ச் பிளாஸ்மா டிவி. 2011 உலகக் கோப்பைக்காக வாங்கியது. ஏப்ரல் 2-ம் தேதி ராத்திரி தோனி அடித்த அந்த சிக்ஸரை எங்கள் தெருவில் பாதிப் பேர் இந்த டிவியில்தான் பார்த்தார்கள். அப்பா எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். போனஸ் பணத்தோடு கொஞ்சம் கடனும் சேர்த்து வாங்கினார். கடைக்காரர் "எல்சிடி எடுத்துக்குங்க" என்று எவ்வளவோ சொல்லியும், "பந்து ஓடும்போது உங்க எல்சிடியில வால் முளைக்குது. எனக்கு பிளாஸ்மாதான் வேணும்" என்று அடம்பிடித்து வாங்கி வந்த கதையை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன்.

அப்பா சொன்னது சரிதான் என்பது, இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஆனால், இப்போது அது எங்களுக்கு உதவவில்லை. ஏனென்றால், அந்த டிவியை வீட்டிலேயே அதிகம் பார்த்தது அப்பா இல்லை. ஆயா!

ஆயாவுக்கு 81 வயது. அப்பாவும் நானும் வேலைக்குப் போய்விடுவோம். அம்மா டெய்லரிங் கடையில் இருப்பார். காலை ஒன்பது மணியிலிருந்து சாயங்காலம் ஏழு மணி வரை வீட்டில் ஆயாவும் டிவியும் மட்டும்தான். அது நின்றுபோன முதல் வாரம், என் பழைய போனில் சீரியல் போட்டுக் கொடுத்துப் பார்த்தேன். கண்புரை ஆபரேஷன் ஆன கண். "மனுஷங்கல்லாம் எறும்பு மாதிரி இருக்காங்க" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டாவது வாரம் பகலெல்லாம் தூங்க ஆரம்பித்தார். ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அத்தைக்குச் சீக்கிரம் ஒண்ணு வாங்கிடுங்க" என்று அம்மா சொன்னபோது, அது டிவியைப் பற்றிய பேச்சாகவே தெரியவில்லை.

ஆனால், அப்பா ஒரு மாதம் பொறுக்கச் சொன்னார். தீபாவளிக்குள் ஜிஎஸ்டி குறையும் என்று ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் அறிவித்திருந்தார். செப்டம்பர் 3-ம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் கூடி, 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு இருந்த 28% வரியை 18% ஆக்கியது. செப்டம்பர் 22 முதல் அமல். (32 இன்ச் வரைக்கும் 2019 ஜனவரியிலிருந்தே 18%தான்.) "10% குறையுது" என்று எல்லோரும் பேசினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் வேறு மாதிரி வரும். வரிக்கு முன்னால் 40,000 ரூபாய் உள்ள டிவி, முன்பு 51,200 ரூபாய். இப்போது 47,200. அதாவது, கடையில் நாம் கொடுக்கும் விலையில் குறைவது 8 சதவிகிதத்துக்கும் கொஞ்சம் கம்மி. 4,000 ரூபாய் என்பது எங்கள் வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை, காத்திருந்தோம். அந்த ஒரு மாதத்தில்தான் எது வாங்குவது என்ற சண்டையும் நடந்தது.

பிளாஸ்மா ஏன் செத்துப்போனது?

முதலில் இந்த இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துவிடலாம். இது புரிந்துவிட்டால், இன்றைக்குக் கடையில் சொல்லும் கியூஎல்இடி, ஓஎல்இடி, மினி எல்இடி எல்லாமே புரிந்துவிடும்.

பிளாஸ்மாவை லட்சக்கணக்கான குட்டிக் குட்டி டியூப் லைட்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே சின்னச் சின்ன அறைகள். உள்ளே நியான், செனான் வாயு. மின்சாரம் பாய்ந்தால் புற ஊதாக் கதிர் வரும். அது அறையின் சுவரில் பூசியிருக்கும் பாஸ்பர் மீது பட்டுச் சிவப்போ, பச்சையோ, நீலமோ ஒளிரும். ஒவ்வொரு புள்ளியும் தனக்குத்தானே விளக்கு. விளக்கு கிட்டத்தட்ட அணைந்துவிட்டால் அந்த இடம் நல்ல கறுப்பு. எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தாலும் நிறம் மாறாது. வேகமாக ஓடும் பந்தும் கலங்காது.

எல்சிடி அப்படி இல்லை. அதன் புள்ளிகளுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. பின்னால் ஒரு பெரிய விளக்கு எப்போதும் எரியும். முன்னால் இருக்கும் திரவப் படிகம், ஜன்னல் பலகை மாதிரி திறந்து மூடி வெளிச்சத்தை விடும், தடுக்கும். முழுக்க மூடினாலும் கொஞ்சம் கசியும். அதனால்தான் இருட்டுக் காட்சிகளில் கறுப்பு, சாம்பலாகத் தெரிகிறது. அந்தப் பின்விளக்கு முன்பு மெல்லிய டியூப் லைட்டாக இருந்தது. பிறகு எல்இடி பல்பாக மாறியது. பெயரையும் 'எல்இடி டிவி' என்று மாற்றிவிட்டார்கள். ஆக, நம் வீட்டில் இருக்கும் எல்இடி டிவியும் எல்சிடிதான்!

பிளாஸ்மா திரையை அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1964-ல் டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, ராபர்ட் வில்சன் என்ற மூவர் உருவாக்கினார்கள். டிவிக்காக இல்லை, 'பிளேட்டோ' என்ற கம்ப்யூட்டர் பாடத்திட்டத்துக்காக. (அதே 60-களில்தான் எங்கள் அம்பத்தூர் எஸ்டேட்டும் வந்தது. சும்மா ஒரு பெருமைக்குச் சொல்கிறேன்!) அது வீட்டு டிவியாக மாற இன்னும் முப்பது வருடம் ஆனது. படம் பிரமாதம். ஆனால், கனம், சூடு, கரன்ட் மூன்றும் அதிகம். சின்ன அளவிலும் செய்ய முடியவில்லை, 4கே அளவுக்குப் புள்ளிகளை நெருக்கவும் கட்டுப்படியாகவில்லை. எங்கள் வீட்டு பிளாஸ்மாவில் குறுக்கே 1,024 புள்ளிகள்தான், முழு ஹெச்டிகூட இல்லை. அந்தப் பக்கம் எல்சிடி விலை சரசரவென்று இறங்கியது. பிளாஸ்மாவில் கொடிகட்டிப் பறந்த பானசோனிக் 2013 அக்டோபரில் நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2014-ல் சாம்சங்கும் எல்ஜியும் கடையை மூடின.

பேர் போன நிறுவனங்களே கைவிட்டு பத்து வருடம் தாண்டிவிட்டது. மெக்கானிக் அண்ணன் மட்டும் என்ன செய்வார்?

கரன்ட் விஷயம் எங்களுக்கு அதிர்ச்சி கொடுத்தது. பழைய டிவியின் பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 250 வாட் என்று இருந்தது. அது அதிகபட்சம். சராசரியாக 180 வாட் என்று வைத்துக்கொண்டாலும், ஆயா கணக்குப்படி ஒரு நாளைக்கு 10 மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 108 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு அப்போது இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைத்ததே 100 யூனிட்! இத்தனை வருடமாக அரசு கொடுத்த இலவச மின்சாரம் முழுவதையும் எங்கள் வீட்டில் டிவி ஒன்றே சாப்பிட்டிருக்கிறது. அம்மா ஃபிரிட்ஜைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்.

"பேய் மாதிரி நிக்கும் அந்த லோகோ"

அப்பாவுக்கு ஆசை ஓஎல்இடி மீது. அவரைக் குறை சொல்ல முடியாது. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். பின்விளக்கு கிடையாது. கறுப்பு என்றால் முழுக் கறுப்பு. பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் போகாது. பிளாஸ்மாவின் நல்ல குணமெல்லாம் இதில் இருக்கிறது, கனமும் சூடும் இல்லை. எனவே 'பிளாஸ்மாவா, எல்சிடியா' என்ற பழைய சண்டை இன்னும் முடியவில்லை என்பதுதான் என் கட்சி. பெயர் மட்டும் 'ஓஎல்இடியா, எல்இடியா' என்று மாறியிருக்கிறது.

ஆனால், பிளாஸ்மாவின் ஒரு கெட்ட குணமும் ஓஎல்இடிக்கு வந்திருக்கிறது. எங்கள் பழைய டிவியை ஆன் செய்து வெள்ளைத் திரை காட்டினால், வலது மேல்மூலையில் ஆயா பார்க்கும் சேனலின் லோகோ மங்கலாகத் தெரியும். சேனலை மாற்றினாலும் போகாது. கீழே செய்தி ஓடும் பட்டையும் ஒரு கோடாகத் தெரியும். சின்ன வயதில் நான் அதைப் பேய் என்று நினைத்துப் பயந்திருக்கிறேன். ஒரே இடத்தில் ஒரே வெளிச்சம் வருடக்கணக்கில் நின்றால், அந்த இடத்துப் புள்ளிகள் மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும். இதை 'பர்ன்-இன்' என்கிறார்கள்.

இப்போது வரும் ஓஎல்இடிகளில் லோகோவை மட்டும் மங்கலாக்குவது, படத்தை லேசாக நகர்த்திக்கொண்டே இருப்பது என்று நிறையப் பாதுகாப்பு இருக்கிறது. தினமும் இரண்டு மணி நேரம் படம், மேட்ச் என்று மாற்றி மாற்றிப் பார்க்கும் வீட்டுக்கு இது பெரிய பிரச்னையே இல்லை. ஆனால், ஒரே சேனலில் பத்து மணி நேரம் என்றால்? கனடாவின் ஆர்டிங்ஸ் நிறுவனம் சுமார் 100 டிவிகளை ஒரே செய்தி சேனலில் நாளெல்லாம் ஓடவிட்டு ஒரு நீண்ட சோதனை நடத்தியது. ஓஎல்இடிகளில் லோகோ பதிந்தது. எல்இடிகளில் அது பதியவில்லை. ஆனால், எல்இடிகளும் தப்பிக்கவில்லை. விளிம்பில் மட்டும் பல்பு வைத்து ஒல்லியாகச் செய்த டிவிகள், சூட்டினால் உள்ளே வளைந்து, விரிசல்விட்டுக் கெட்டுப்போயின.

இதை மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். சிரித்தார். "இதுக்கு கனடா வரைக்கும் போகணுமாம்மா? ஒல்லியா இருக்கேன்னு ஆசைப்படாதீங்கன்னு நான் தினம் சொல்றேன். பின்னாடி முழுக்க பல்பு வரிசை இருக்கிறது நல்லது. ஒரு ஸ்ட்ரிப் போனாலும் மாத்தித் தரலாம்."

அவர் சொன்ன இன்னொரு விஷயம் பலருக்கும் உதவும். எல்இடி டிவியில் சத்தம் வருகிறது, படம் வரவில்லை என்றால் உடனே "பேனல் போச்சு" என்று புது டிவி வாங்க ஓடாதீர்கள். அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மங்கலாகப் படம் ஓடுவது தெரிந்தால் பேனல் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது, பின்விளக்குதான் போயிருக்கிறது. புது டிவியோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு ரொம்பக் கம்மி. பேனல் உடைந்திருந்தால்தான் கதை முடிந்தது. டிவியின் விலையில் பாதிக்கு மேல் அதுதான்.

ஓஎல்இடி விலையும் ஒரு காரணம். நாங்கள் போன கடைகளில் 55 இன்ச் ஓஎல்இடி லட்சத்தைத் தாண்டி இருந்தது. எங்கள் பட்ஜெட் 45,000. அப்பா ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, எல்சிடியே பாப்போம்" என்றார். பதினான்கு வருடம் கழித்து அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது!

கடைக்குப் போகும் முன் டேப் எடுங்கள்

கடையில் எல்லா டிவியும் அழகாகத்தான் இருக்கும். மீன் தொட்டி, கிளி, ஜப்பான் பூந்தோட்டம் என்று அவர்களே போடும் வீடியோ. படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் உச்சத்தில் வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து முடிவெடுத்தால், வீட்டில் வந்து ஏமாறுவோம். நாங்கள் இரண்டு வேலை செய்தோம்.

ஒன்று, ஹாலை அளந்தோம். சோபாவிலிருந்து சுவர் எட்டு அடி. மூலைவிட்ட இன்ச்சை 1.6-ஆல் பெருக்கினால், சினிமா பார்க்கும் உணர்வுக்கு எத்தனை இன்ச் தள்ளி உட்கார வேண்டும் என்று வரும். 55 இன்ச்சுக்கு 88 இன்ச், அதாவது ஏழேகால் அடி. சரியாக இருந்தது. 65 இன்ச் என்றால் எட்டரை அடிக்கு மேல். அப்பாவின் கண் அதன் மேல் போனது, நான் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

ஆனால், ஆயா சோபாவில் உட்கார மாட்டார். வாசல் காற்றுக்காக, கதவோரம் ஒயர் நாற்காலி. அங்கிருந்து டிவி நன்றாகச் சாய்வாகத் தெரியும். இங்கேதான் யாரும் விளம்பரத்தில் சொல்லாத ஒரு விஷயம் வருகிறது. எல்சிடி பேனலில் முக்கியமாக இரண்டு வகை. 'விஏ' வகையில் கறுப்பு நன்றாக இருக்கும், ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்துவிடும். 'ஐபிஎஸ்' வகையில் சாய்வாகப் பார்த்தாலும் நிறம் நிற்கும், ஆனால் இருட்டில் கறுப்பு சாம்பலாகத் தெரியும். நேராக உட்கார்ந்து ராத்திரி படம் பார்ப்பவர்களுக்கு விஏ. ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, பாய் போட்டுப் படுத்துக்கொண்டு பார்க்கும் நம் வீடுகளுக்கு ஐபிஎஸ். விற்பனையாளருக்கே பல நேரம் எது எந்த வகை என்று தெரிவதில்லை. கடையில் டிவிக்குப் பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள். ஒரு மனித முகம் திரையில் வரும்போது பாருங்கள். முகம் வெளுத்தால் தெரிந்துவிடும்.

இரண்டாவது, சாதாரண கேபிள் சேனலைப் போட்டுக் காட்டச் சொன்னோம். கடைக்காரருக்குப் பிடிக்கவில்லை. "4கே டிவியில யாராவது கேபிள் பாப்பாங்களாம்மா?" என்றார். எங்க ஆயா பார்ப்பாங்க! ஹெச்டி இல்லாத சேனலில் 576 வரிதான் வருகிறது. அதை 2,160 வரிக்கு இழுத்துக் காட்ட வேண்டும். மலிவான டிவிகளில் முகமெல்லாம் மெழுகு பூசியதுபோல் ஆகிவிட்டது. இரண்டு டிவிகள் மட்டும் பரவாயில்லை. அந்த இரண்டில் ஒன்றுதான் வாங்கினோம்.

கியூஎல்இடி என்று ஒரு செட்டை 8,000 ரூபாய் கூடுதலாகச் சொன்னார்கள். அதுவும் எல்சிடிதான், நடுவே குவான்டம் டாட் என்ற நுண்துகள் படலம் சேர்த்திருப்பார்கள், நிறம் கூடும். இந்தத் துகள்களைக் கண்டறிந்து உருவாக்கிய மூவருக்கு 2023-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது, அதனால் சும்மா விளம்பர வார்த்தை என்று தள்ளிவிட முடியாது. ஆனால், எங்கள் பட்ஜெட்டில் அந்த 8,000 ரூபாய்க்கு வித்தியாசம் என் கண்ணுக்குத் தெரியவில்லை. மினி எல்இடி நல்ல விஷயம். பின்விளக்கைப் பல நூறு பகுதிகளாகப் பிரித்து, இருட்டு இடத்தில் மட்டும் அணைப்பார்கள். கறுப்பு பெருமளவு சரியாகிவிடும். விலை இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்.

ஸ்மார்ட் டிவி ஆப், ரேம் எல்லாம் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. வேகம் குறைந்தால் ஒரு ஸ்டிக் செருகிக்கொள்ளலாம்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்ற பலகையைப் பார்த்து அம்மா சந்தோஷப்பட்டார். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என 2013-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. தள்ளுபடியாகக் கொடுக்கவேண்டியதை வட்டியாகக் கழிக்கிறார்கள். மேலே பிராசஸிங் கட்டணம், வட்டி மீது ஜிஎஸ்டி. "முழுப் பணமும் கொடுத்தால் எவ்வளவு?" என்று கேட்டேன். விலை 1,500 ரூபாய் இறங்கியது.

மாட்டியது எங்கே?

டிவி செப்டம்பர் கடைசி வாரம் வந்தது. 55 இன்ச், ஐபிஎஸ் வகை, பின்னால் முழுக்க பல்பு. மாட்ட வந்த தம்பி, உட்கார்ந்தால் கண் மட்டத்தில் இருக்கவேண்டும் என்றார். அது சரியான விதிதான். ஆனால், அப்பா ஒரு அடி மேலே மாட்டச் சொன்னார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எஸ்டேட்டும் கொரட்டூர் பக்கமும் எப்படி மிதந்தன என்று இந்தப் பகுதிக்காரர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர் வந்தது. ஃபிரிட்ஜ் போனது. கழுத்து கொஞ்சம் வலித்தாலும் பரவாயில்லை என்பது அப்பா கட்சி. லேசாகக் கீழே சாயும் ஸ்டாண்டு போட்டுச் சமாளித்தோம்.

முதல் வேலையாகப் படத்தின் அமைப்பை 'விவிட்'டிலிருந்து மாற்றி, பின்விளக்கைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்தேன். கண்ணுக்கும் நல்லது, பல்புக்கும் ஆயுள். ஒரு பவர் மீட்டர் இரவல் வாங்கிச் செருகிப் பார்த்தபோது 90 வாட் சுற்றி ஓடியது. ஆயா கணக்குக்கு இரண்டு மாதத்துக்கு 54 யூனிட்.

ஆயா நாற்காலியை நகர்த்தவில்லை. கதவோரத்திலிருந்தே பார்த்தார். சீரியலில் ஒரு மாமியார் முகம் திரை முழுக்க வந்தது. "இப்பத்தான் இவ மூக்குத்தி தெரியுது" என்றார். அடுத்த வாரத்திலிருந்து பகல் தூக்கம் குறைந்தது.

அப்பாவுக்குத்தான் குறை. ராத்திரிப் படங்களில் கறுப்பு, சாம்பலாகத் தெரிகிறது என்று தினமும் ஒரு தடவை சொல்கிறார். உண்மைதான், ஐபிஎஸ் அப்படித்தான். மெக்கானிக் அண்ணன் சொன்னபடி டிவிக்குப் பின்னால் சுவரில் வெளிச்சம் படுகிற மாதிரி ஒரு சின்ன பல்பு வைத்தோம். பின்னணியில் லேசான வெளிச்சம் இருந்தால் கண்ணுக்குக் கறுப்பு இன்னும் கறுப்பாகத் தெரியும். "ம்ம்… பரவால்ல" என்றார். அவரிடமிருந்து எல்சிடிக்குக் கிடைத்த அதிகபட்ச மார்க் இது.

பழைய பிளாஸ்மாவைக் காயலான் கடைக்காரர் எடைக்குக் கேட்டார். கொடுக்கவில்லை. 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளில் டிவியும் வருகிறது. முறையாக அனுமதி பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோது மெக்கானிக் அண்ணனே போன் செய்தார். ஆவடியில் ஒரு வீட்டில் இதே மாடல் இருக்கிறதாம், பவர் போர்டு மட்டும் போய்விட்டதாம், எங்களுடையதிலிருந்து கழற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார்.

அப்பா தானே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.